போன வியாழக்கிழமை சொன்ன சொல்

நொச்சிவலசில் ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் சொல் ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சேரும். அதில் மூக்கின் மேல் விரல் வைக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். குடிதண்ணீர் வருகிறேன் என்ற நாளிலா வருகிறது, பஸ் போர்டில் எழுதிய நேரத்துக்கா வருகிறது, போன தேர்தலில் போட்டுத் தருகிறேன் என்ற தார் ரோடு இந்தத் தேர்தலும் முடிந்து இன்னும் நடந்து வந்துகொண்டுதானே இருக்கிறது, இதில் செல்வராணி மகளுக்குச் சொல் மட்டும் சொன்ன வாய் மூடுவதற்குள் போய் நின்றுவிட வேண்டுமாக்கும் என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். திங்கட்கிழமை காலையில் "கனிஷ்கா, எந்திரி" என்றால் அடுத்த திங்கட்கிழமை காலையில் எழுந்திருப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு விடுகதை போட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், போட்டவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்க, அவள் தெருமுனையில் தனியாக நின்று விடையைச் சொல்லிவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பாள். நாய் குரைத்தால் உடனே திரும்புவாள், இடி இடித்தால் உடனே காதைப் பொத்துவாள், சத்தத்துக்கெல்லாம் தாமதம் கிடையாது, சொல்லுக்குத்தான். எழுதிக் காட்டினாலும் அதே கதை, ஜாடை காட்டினாலும் அதே கதை, ஜாடையும் ஒரு சொல்தானே.

ஏன் இப்படி என்று ஆரம்பத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லத்தான் செய்தார்கள். இவள் வயிற்றில் இருந்தபோது செல்வராணி விசைத்தறிகளுக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவள், அந்தத் தடதடப்பில் உள்ளே போக வழி கிடைக்காமல் சொல்லெல்லாம் சுற்றுவழியில் போகப் பழகிவிட்டது என்றார் தறிக்காரர். பெரியாஸ்பத்திரியில் காதில் மெஷினை மாட்டிப் பார்த்து, காது தங்கமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மாகாளியம்மன் கோயிலில் கயிறு கட்டினார்கள், கயிறு நைந்து விழுந்தது, சொல் அதன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஊர் அதை வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. குழாயில் தாமதமாக வருகிற தண்ணீருக்குக் கனிஷ்கா தண்ணி என்று பெயர் வந்தது. கூலி தள்ளிப் போட்டால் "ஏனுங்க முதலாளி, கனிஷ்கா சம்பளங்களா?" என்று தறியில் கேலி பேசினார்கள். சந்தையில் கீரைக்காரம்மா கட்டு பத்து ரூபாய் என்றால், அடுத்த சந்தையில் கீரைக்காரம்மா வெண்டைக்காய்க்கு மாறியிருக்க, கனிஷ்கா வந்து நின்று "கட்டாதுங்க, கொறச்சுப் போடுங்க" என்பாள், அந்தம்மாளும் சிரித்துக்கொண்டே ரெண்டு வெண்டைக்காயைக் கையில் கொடுத்து அனுப்பும்.

செல்வராணி கண்டுபிடித்த வழி வேறு. புருஷன் இல்லாத வீடு, தறிக்கு ஓடியாக வேண்டும். எல்லா வாரத்தையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதே நாளில் அதே நேரத்துக்கு அதே சொல். இன்றைக்குச் சொன்ன "சாப்புட வா"வுக்குப் பிள்ளை அடுத்த வாரம் வரும், போன வாரம் சொன்னதற்கு இன்றைக்கு வரும், கணக்கு நேராகிவிடும். வாரம் மாறினால்தான் ஆபத்து. ஒரு தீபாவளியன்று, ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பலகாரம் தின்றுகொண்டிருக்க, போன வாரத்துப் "பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு கண்ணு" வந்து சேர்ந்து, கனிஷ்கா பையை மாட்டிக்கொண்டு போய்ப் பூட்டின பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். வெடிச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்திக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று உச்சிவேளை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் அது அடுத்த வாரம்தானே போய்ச் சேரும், செல்வராணி போய்க் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் அங்கே அவளுக்கு நடந்த கொடுமை. தலைமையாசிரியர் ஆறுச்சாமி நல்ல மனிதர், ஐந்தாம் வகுப்புக்கும் அவர்தான் வாத்தியார். பாவம், அந்தப் புள்ளையைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று அவளிடம் கேள்வியே கேட்க மாட்டார். வகுப்பு வகுத்தலுக்குப் போனபோது அவளுக்குப் பெருக்கல் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் சிரித்து முடித்து ஒரு வாரம் ஆன சிரிப்பை அவள் அமைதியான வகுப்பில் ஒற்றையாளாகச் சிரித்தாள். பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அவளோடு பேச வேண்டுமென்றால் போன வாரம் இதே நேரத்தில் நாம் என்ன சொன்னோம் என்று நமக்கு ஞாபகம் இருக்க வேண்டும், யாருக்கு இருக்கிறது சொல்லுங்கள்? பதில் வருகிறபோது கேள்வி கேட்டவர்கள் கேட்டதையே மறந்திருந்தார்கள். அதனால் மெல்ல மெல்லப் பேச்சை விட்டார்கள், கடைசி பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் வருகிறவள்தான் பூங்கொடி. மற்றப் பிள்ளைகளோடு படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் போட்ட சிறப்பாசிரியை, ஒப்பந்த வேலை. திங்கட்கிழமை ஒரு ஊர், செவ்வாய்க்கிழமை இரண்டு ஊர், இப்படி வாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, பந்தும் மணியும் படஅட்டையும் திணித்த பெரிய பையை முன்னால் வைத்துக்கொண்டு அலைகிறவள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு ஸ்பெஷல் டீச்சர் என்றுதான் பெயர், சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆசிரியர் அறையில் நாற்காலிகள் ஆளுக்கொன்றாக இருக்கும், வாரத்துக்கு ஒருநாள் வருகிறவளுக்கு எதற்கு நாற்காலி என்று அவளுக்குமட்டும் இருக்காது, டிபன் பாக்ஸைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டே திறப்பாள். டவுனில் ஒற்றை அறை வீடு. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது, குக்கர் விசில் அடித்தால் "வர்றேன், வர்றேன், இரு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டு போவாள். நாற்பத்திரண்டு வயதில் ஒரு பொம்பளை குக்கரோடு பேசுகிறாள் என்றால் அது எப்படிப்பட்ட தனிமை என்று அவளுக்கே தெரியும், தெரிந்து என்ன செய்ய.

நொச்சிவலசுக்கு வந்த முதல் வியாழக்கிழமை கனிஷ்காவை வராந்தாவில் உட்கார வைத்துப் பந்தைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள், பாட்டுப் பாடினாள். பிள்ளை தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அலுத்துப்போய், பதில் சொல்லாத பிள்ளைதானே என்ற தைரியத்தில், பந்தை உருட்டியபடி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"இந்த ஊர்லயும் எனக்கு உக்கார ஒரு எடமில்ல பாரு கண்ணு. நின்னு நின்னு காலு ரெண்டும் போச்சு."

அடுத்த வியாழக்கிழமை மஞ்சள் கலர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது கனிஷ்கா தூணிலிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"என்ற பெஞ்சுல உக்காருங்க டீச்சர். அங்க நா மட்டுந்தான் இருக்கறேன்."

பூங்கொடி அட்டையைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் இத்தனை பள்ளிக்கூடத்தில் உட்காருங்கள் என்று அவளிடம் சொன்ன முதல் வாய் அது. அழுதுவிட்டாள். மூக்கைச் சிந்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வகுப்புக்குள் போய், ஆறுச்சாமி வாயைத் திறப்பதற்குள், கடைசி பெஞ்சில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வராந்தா இல்லை, வகுப்புக்குள்ளேதான் பாடம்.

மற்றவர்களுக்கு முடியாதது பூங்கொடிக்கு எப்படி முடிந்தது என்றால், வாரம் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்ள அவளிடம் வேறு பேச்சே இல்லை. வியாழக்கிழமை தான் என்ன கேட்டோம், எதற்கு முன்னால் எதைக் கேட்டோம், எங்கே மூச்சு விட்டோம் என்று எல்லாவற்றையும் சாமிக்கு விளக்குப் போட்டவள் மாதிரி அணையவிடாமல் காத்து வைத்திருந்து, அடுத்த வியாழக்கிழமை கனிஷ்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, பதிலை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டே அந்தப் பதிலுக்கு மறுபேச்சும் பேசினாள், அது போய்ச் சேர இன்னொரு வாரம். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு பைத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். ஒருதரம் "உனக்கு எதக் கண்டா பயம்?" என்று கேட்டாள். இருட்டு, பல்லி என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து ஒரு வாரம் காத்திருந்தாள்.

"எல்லாரும் ஒட்டுக்காச் சிரிச்சாப் பயம் டீச்சர்" என்றாள் கனிஷ்கா.

இப்படி ஆடியும் கார்த்திகையும் தையும் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து தாமோதரன் என்ற அதிகாரி மதிப்பீட்டுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போக வேண்டிய சிறப்புப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நாலு கேள்வி கேட்பார், மூன்று படம் காட்டுவார். பதில் சொல்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். சொல்லாத பிள்ளைக்கு இனிமேல் வீட்டிலேயே படிப்பு, மாதத்துக்கு ஒருநாள் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், பார்த்தாலும் பார்ப்பார்கள். வீடு என்றால் செல்வராணி தறிக்குப் போன பிறகு பூட்டிக் கிடக்கிற வீடு. பக்கத்தில் உட்கார ஆளில்லாத பெஞ்சாவது இப்போது அவளுக்கு இருக்கிறது, அதுவும் போய்விடும்.

பூங்கொடி யோசித்தாள். தாமோதரன் மற்ற ஊர்களில் மதிப்பீடு செய்தபோது கூடவே நின்றிருக்கிறாள். மனிதர் எங்கே போனாலும் அதே கேள்வி, அதே வரிசை. பெயர் என்ன, ஊர் என்ன, எத்தனாவது படிக்கிறாய், உனக்கு என்ன பிடிக்கும். அப்புறம் பசு, குடை, பஸ். அவர் வருவதாகச் சொன்னது ஒரு வியாழக்கிழமை, இடைவேளை மணி அடித்ததும். சரி என்று, அதற்கு முந்தின வியாழக்கிழமை, இடைவேளை மணி அடித்ததும், கனிஷ்காவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் கேட்கிற மாதிரியே, ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் அவர் இருமுகிற இருமலைக்கூட விடாமல் இருமி, எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனிஷ்கா வாசல் வழியே தெரிந்த வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று பூங்கொடி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். ஊருக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே, அதை மறந்துவிட்டாள். நொச்சிவலசில் கால் வைத்த பெரிய மனிதர் எவரையும் ஊர்த்தறியில் நெய்த சால்வை போர்த்தாமல் உள்ளே விடுவதில்லை. தாமோதரன் குறித்த நேரத்துக்குத்தான் ஜீப்பிலிருந்து இறங்கினார். இறங்கினதும் தறிக்காரர் சால்வை போர்த்தினார், வார்டு மெம்பர் இன்னொரு சால்வை போர்த்தினார், இளநீர் வந்தது, கேசரி வந்தது, போட்டோ எடுக்கிறவர் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று இன்னொரு தரம் எடுத்தார். பூங்கொடி தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று தவித்தாள்.

"சார், மணி அடிச்சாச்சுங்க சார். நேரம் தப்பிப் போச்சுன்னா..."

"சித்தெ இருங்க டீச்சர்" என்றார் ஆறுச்சாமி. "வந்த மனுசனுக்கு ஒரு மருவாதி வேண்டாங்களா? புள்ள எங்க ஓடியா போயிரும்?"

அவள் வகுப்புக்கு ஓடினாள். எதிரே போட்டிருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி கனிஷ்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கனிஷ்கா" என்றாள் நாற்காலியிடம். ஓர் இருமலுக்கு வேண்டிய நேரம் காத்திருந்தாள். "நொச்சிவலசு." காத்திருந்தாள். "அஞ்சாவதுங்க." காத்திருந்தாள். "வியாழக்கெழம புடிக்கும்." அப்புறம் பசு என்றாள், குடை என்றாள், பஸ் என்றாள், நம்மூரு பஸ்ஸா இருந்தா லேட்டாத்தானுங்க வரும் என்றுகூடச் சேர்த்தாள். பூங்கொடிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அட கெரகமே, இவ்வளவு அழகாகச் சொல்கிறதே, கேட்க ஆளில்லையே! அடுத்த அறையில் கேசரிக் கரண்டிச் சத்தம் கேட்டது.

வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. போன வாரம் பூங்கொடி இருமினது அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்தது, சிரித்த சிரிப்பு அப்படி. முதல் பெஞ்சு மோனிஷா, வாயாடி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவள், "டீச்சர்! நீங்க கேட்டதுக்குத்தான சொல்றா? ஒண்ணுகூட வுடாமச் சொல்லீட்டா டீச்சர்!" என்றாள். அத்தனை வருஷமாக அந்த வகுப்பில் கூடவே இருந்த பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, கனிஷ்கா தன்னோடும் இத்தனை நாள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று.

தாமோதரன் ரெண்டு சால்வையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பாப்பா, பேரு என்ன?" என்றார், இருமினார். கனிஷ்கா சால்வையின் குஞ்சத்தைப் பார்த்தாள். ஊர் கேட்டார், வகுப்பு கேட்டார், படத்தைக் காட்டினார்.

"அவ அப்பவே சொல்லீட்டா சார்" என்றாள் மோனிஷா எழுந்து. "நீங்கதான் லேட்டு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுவரை பெரிய மனசுதான். பூங்கொடி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "அடுத்த வாரம் இதே நேரத்துக்கு வந்தீங்கன்னா நீங்களே கேக்கலாங்க சார்" என்று அவள் கும்பிட்டபோது கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"அம்மா, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. இந்த மாதிரிக் கொழந்தைகளுக்குப் பரீட்சையில ஒரு மணி நேரம் கூடக் குடுக்கலாம்னு விதியில இருக்கு. குடுக்கறேன். ஒரு வாரம் குடுக்க விதியில எடமில்ல."

சொன்னபடி கைக்கடிகாரத்தைக் கழற்றி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார், பாவம், வியர்த்து வழிந்தும் சால்வையை எடுக்கவில்லை. கனிஷ்கா குஞ்சத்தை எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நேரம் முடிந்ததும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். இங்கே பிள்ளை இல்லையென்றால் உங்களுக்கு இங்கே என்ன வேலை, வியாழக்கிழமைக்கு மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று பூங்கொடியிடம் சொன்னார். "கொழந்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், சொல்லாம விட்டோம்னு இருக்கக் கூடாது" என்று ஆறுச்சாமியிடமும் சொன்னார்.

ஆறுச்சாமி கடைசி பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, "அம்மணி, இனிமே நீ பள்ளிக்கொடத்துக்கு வர வேண்டாங் கண்ணு. பையை எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போயிரு" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளிடம் அவர் நேராகப் பேசின முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஜீப் கிளம்பிப் போயிற்று. மோனிஷாதான் மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், சார் சொன்னது அவளுக்கு அடுத்த வியாழக்கெழமதான வரும்?"

"ஆமாங் கண்ணு."

"அதுக்கு அடுத்தாப்பல இப்ப நாங்க சொன்னா, அதும் அதுக்கு அடுத்தாப்பலயே வருமா?"

பூங்கொடி பதில் சொல்வதற்குள் அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சுக்கு ஓடிப் போய்க் கனிஷ்காவின் முகத்துக்கு நேராக நின்று, "போகாதடி! உக்காரு! நீ எங்க கிளாசு!" என்று கத்தினாள். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் எழுந்து வந்துவிட்டது. போகாத கனிஷ்கா என்றார்கள், இங்கயே இரு என்றார்கள், என்ற பக்கத்துல உக்காந்துக்க என்றது ஒன்று, உனக்கு மாங்கா கொண்டாறேன் என்றது ஒன்று, நான் உன்னப் பாத்துச் சிரிச்சது தப்புத்தான் என்று அழுதது ஒன்று. ஆறுச்சாமி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கனிஷ்கா அத்தனை வாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒரு சொல்லும் இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு பூங்கொடி பெஞ்சின் ஓரத்தில், தான் வழக்கமாக உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, "போயிட்டு வர்றேன் கண்ணு" என்றாள். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் அப்படிச் சொன்னாளே தவிர, எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் கனிஷ்கா வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வர வேண்டாம் என்றார்களே என்று ஊரில் கேட்டதற்கு, "போன வெள்ளிக்கெழம கெளம்புன்னு சொன்னது இன்னிக்கு வந்துச்சு, போயிட்டாளுங்க, நா என்ன பண்ணட்டும்?" என்றாள் செல்வராணி. இன்றைக்கும் கிளம்பு என்று சொன்னாயா என்றதற்கு, "பழக்க தோசம், வாயில வந்துருச்சு" என்றாள். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் அவளுக்கு அந்தப் பழக்க தோஷம் இருந்தது. ஆறுச்சாமியும் கண்டுகொள்ளவில்லை. ஊரில் பேச்சு இதுவாகத்தான் இருந்தது. சார் சொன்ன சொல் வியாழக்கிழமை உச்சிக்கு முன்னால் வந்து இறங்கும், பிள்ளைகள் சொன்னது பின்னாலேயே வரும், முன்னால் வந்ததை எடுத்துக்கொண்டு பிள்ளை போய்விட்டால் பின்னால் வந்தது யாருக்கு என்று டீக்கடையில் கைநீட்டிக் கைநீட்டிப் பேசினார்கள். பந்தி முடிந்த பிறகு பாயசம் வந்து என்ன என்றார் ஒருவர்.

வியாழக்கிழமை பூங்கொடி மலையடிவாரத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போன் செய்துவிட்டு நொச்சிவலசுக்கு வந்தாள். உள்ளே போக அவளுக்கு இனி உரிமை இல்லை, வகுப்புக்கு வெளியே ஜன்னல் ஓரமாக வெயிலில் நின்றாள். ஆறுச்சாமி பார்த்தார், பார்க்காத மாதிரி பின்னக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளை கழிந்து கனிஷ்கா எழுந்து, ஆளில்லாத இடத்தைப் பார்த்து, தாமோதரனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், பசுவும் குடையும் சொன்னாள், ஒரு பிசகில்லை. அப்புறம் உட்கார்ந்தாள். பிள்ளைகள் எல்லாரும் கணக்கை எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்திருந்தார்கள், ஒருத்தர் பென்சிலும் நகரவில்லை. வெயில் ஏறியது, சத்துணவுக்கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்தது.

கனிஷ்காவின் முகம் மாறியது. மெல்ல நோட்டை மூடினாள், பென்சிலை டப்பாவில் போட்டாள், எல்லாவற்றையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, எதைச் சொன்னாலும் அது அடுத்த வாரம்தான். மோனிஷா ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பூங்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வந்துரு, வந்துரு என்று அந்தச் சொல்லைக் கும்பிட்டாள். கனிஷ்கா வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

வைத்த கால் அப்படியே நின்றது.

ஒரு சத்தமும் இல்லாத வகுப்பில், அவள் யாரோ ஓடி வந்து முகத்துக்கு நேரே கத்தினது போலப் பின்வாங்கினாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். பெருமழையில் நடுத்தெருவில் மாட்டிக்கொண்டவள் மாதிரி திணறி நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கொட்டிக்கொண்டே சிரித்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் போன வாரம் தான் சொன்னதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செரி" என்றாள் கனிஷ்கா. "நா போகலே. மாங்கா உப்புப் போட்டுக் கொண்டா."

பையைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வகுப்பே ஆறுச்சாமியைப் பார்த்தது. ஆறுச்சாமி சாக்பீஸைக் கையில் உருட்டினார்.

"ஆடர்ல என்ன போட்டிருந்துச்சோ அத நாஞ் சொல்லியாச்சு" என்றார், யாரிடமோ வாதாடுகிறவர் போல. "அவ போகலேன்னுட்டா. ரெண்டாந்தரஞ் சொல்லோணும்னு ஆடர்ல இல்ல. எழுதுங்க எல்லாரும், சத்தங்காட்டாமப் பொட்டாட்ட இருந்து கணக்கப் போடுங்க." அப்புறம் கடைசி பெஞ்சைப் பார்த்து, "கனிஷ்கா, அரையும் காலும் எவ்வளவு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த வாரம் மறந்துவிடக் கூடாதே என்று பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தார்.

பூங்கொடி அப்போதே புறப்பட்டிருக்கலாம். கால் வரவில்லை. அவள் சொன்னது ஒன்று இன்னும் பாக்கி இருந்தது.

கனிஷ்கா பெஞ்சின் ஓரத்துக் காலி இடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"போயிட்டு வாங்க டீச்சர். அக்கட்ட, நீங்க போற ஊர்ல, உங்களுக்குப் பேச்சுக்கு ஆளிருக்குதுங்களா?"

ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கு "இல்ல கண்ணு" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. இது அடுத்த வியாழக்கிழமை போய்ச் சேரும், பிள்ளை அதற்கு ஏதோ சொல்லும், அதைக் கேட்க இந்த ஜன்னலில் இவள் இருக்க மாட்டாள், இன்னொரு தடவை உடம்பு சரியில்லை என்றால் வேலையே இருக்காது. விட்ட சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா என்ன?

மோனிஷா ஜன்னலைப் பார்த்தாள். முதல் பெஞ்சிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க டீச்சர்" என்றாள். "அவ என்ன சொல்றான்னு நாங் கேட்டு வெக்கறேன்."

பூங்கொடி ஸ்கூட்டரை எடுத்தாள். ஊரைத் தாண்டி, தறிச் சத்தம் பின்னால் தேய்ந்து, ரெண்டு பக்கமும் ஆளில்லாத காடு வந்தது. அடுத்த வியாழக்கிழமைக்கு இன்னும் முழுசாக ஒரு வாரம் இருந்தது.